ரவுண்டானாவுக்கு முன்னால் இறங்குகிறவர்கள்

எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்களுக்கு மூளை இருந்ததா என்று நான் கேட்கமாட்டேன். இருந்தது. அதனால்தான் அவர்களில் ஒருவர்கூட இங்கே குடியிருக்கவில்லை.

ஆற்றங்கரையிலிருந்து எங்களைக் கிளப்பியபோது ஒரு பெரிய மனிதர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, வீடு உண்டு, தண்ணீர் உண்டு, கரண்ட் உண்டு, பஸ் உண்டு என்று வரிசையாகச் சொன்னார். வீடு வந்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வந்தது. பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு நிழற்குடை வந்தது. அதைத் திறந்துவைக்க ஏழெட்டுக் கார்கள் வந்தன. அப்புறம் அந்த நிழலை நாய்கள் எடுத்துக்கொண்டன.

பஸ்ஸே இல்லை என்று சொன்னால் பொய். ஒன்று இருக்கிறது. வெயில் ஏறியபிறகு, படியில் ஆள் தொங்க, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வரும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வெயில் ஏறியபிறகு நகரத்துக்குப் போய் என்ன வேலை? நகரம் கண் விழிப்பதற்குள் அதைக் கூட்டி, துடைத்து, அடுப்பு மூட்டி, கேட்டைத் திறந்து வைக்கவேண்டியவர்கள் இங்கிருந்துதான் போகிறார்கள். இருட்டோடு கிளம்பினால்தான் சரியாக இருக்கும். இருட்டில் பஸ் கிடையாது. ஆகவே வண்டி வைத்திருப்பவர்கள் வண்டி இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். இதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்பது மாதிரி ஆரம்பித்தது.

எங்கள் பிளாக்கில் வண்டி வைத்திருந்தவன் லிஃப்ட்காரன். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்டை இயக்குகிறவன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். நான் வீட்டிலேயே உட்கார்ந்து ஃபேன், மிக்சி ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காததை அவனே வந்து சொல்லிவிடுவான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இரும்புக்கடைக்குப் போட இருந்த சின்னக் காரை அவன் வாங்கி வந்தபோது, ‘லிஃப்ட்காரன் இனிமேல் எல்லாருக்கும் லிஃப்ட் கொடுப்பான்’ என்று பிளாக் முழுக்கக் கேலி பேசியது. அவனும் கொடுத்தான்.

மூன்று பேர் நிரந்தரம். முதலில் ஆயாம்மா. அவன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே வார்டு துடைக்கிறவர். இரண்டு முட்டியும் போய்விட்டது. அதைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டார், ஆனால் உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் உதட்டைக் கடித்துக்கொள்வார். அடுத்தது மெஸ் அக்கா. மாணவர் விடுதி ஒன்றில் சமைக்கிறவள். அவள் ஏறினால் வண்டிக்குள் வெங்காய வாசனை ஏறும். மூன்றாவது செக்யூரிட்டி, ஒரு நகைக்கடை வாசலில் நிற்கிறவர். மீசையும் பெல்ட்டும் பார்த்தால் ஏதோ பெரிய அதிகாரி என்று தோன்றும். பெட்ரோலை முறைவைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் அந்த வண்டியில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை.

இதில் யார் வயிறு எரிந்ததென்று நினைக்கிறீர்கள்? நகரத்தில் வேன் விட ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பெனி வேன் எங்கள் பக்கம் வராது. ரோடு மோசம், ஸ்பிரிங் உடைந்துவிடும் என்றார்கள். நாங்களாகவே போய்க்கொண்டால் அதுவும் பொறுக்கவில்லை. சொந்த வண்டியில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுகிறார்கள், எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று மனு கொடுத்தார்கள். தானும் வரமாட்டேன், அடுத்தவனையும் ஏற்ற விடமாட்டேன் என்று ஒருவன் மனு கொடுத்தால் அதைக் கிழித்துப் போடத்தானே வேண்டும். கிழிக்கவில்லை. நகரத்துக்குள் நுழையும் ரவுண்டானாவில் போக்குவரத்து அதிகாரிகளை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்துதான் இறங்கி ஏறும் வழக்கம் வந்தது.

ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் மூடிக்கிடக்கும் ஒரு பெட்ரோல் பங்க். எங்கள் பக்கத்து வண்டிகள் எல்லாம் அங்கே நிற்கும். ஆட்கள் இறங்கிக்கொள்வார்கள். காலி வண்டி மட்டும் ரவுண்டானாவைச் சுற்றிப் போகும். அதிகாரி எட்டிப் பார்ப்பார், ஓட்டுகிறவன் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பான், போ என்று கை காட்டுவார். இறங்கியவர்கள் கடையோரமாக யாரோ எவரோ மாதிரி நடந்து, ரவுண்டானாவைக் கடந்து, அந்தப் பக்கம் மரக்கடைச் சுவரோரம் நிற்கும் தங்கள் வண்டியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். வேலைக்குப் போகிற மனுஷர்கள் திருடர்கள் மாதிரி நடக்கவேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களோ அதையும் சிரிப்பாக்கிவிட்டார்கள். ஒருநாள் செக்யூரிட்டி நெஞ்சை நிமிர்த்தி நடக்க, புதிதாக வந்த ஓர் அதிகாரி அவருக்கு சல்யூட் அடித்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி மெஸ் அக்கா ஒருவாரம் சிரித்தாள்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயத்தில் லிஃப்ட்காரன் மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. துணி வெளுக்கும் பகுதியில். ரத்தக்கறையைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் மெஷினில் போட்டு, காய்ந்த சூடு ஆறுவதற்குள் விரிப்புகளை மடித்து அடுக்கவேண்டும். மகள் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகிறாள், ஒரு சம்பளம் போதாது என்று அவளாகத் தேடிக்கொண்ட வேலை. கார் இருக்கும் தைரியத்தில்தான் சேர்ந்தாள்.

முதல்நாள் பங்க் வந்ததும் மூன்று பேரும் இறங்கினார்கள். அவளும் கதவைத் திறந்தாள்.

“நீ எங்க இறங்குற?” என்றான் அவன். “உக்காரு. நீ என் பொண்டாட்டி. உன்ன ஏத்திட்டுப் போறதுக்கு எவன்கிட்டயும் பர்மிட் வாங்க வேண்டியதில்ல.”

“ஆயாம்மா முட்டியப் புடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. நான் மட்டும் மகாராணி மாதிரி உள்ள உக்காந்து போகவா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

“நான் நெனைப்பேன்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஆயாம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். அடுத்தநாள் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்தநாள் அது பழக்கமாகிவிட்டது. தன் வண்டியிலிருந்து தானாகவே இறங்கி நடக்கிற ஒரே மனைவி இந்த உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

மாட்டிக்கொண்ட அன்றைக்கு நல்ல தூறல். ரவுண்டானாவில் ஆளே இல்லை. மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைத்தான் லிஃப்ட்காரன். ஒதுங்கத்தான் செய்திருந்தார்கள், மரக்கடையின் தகரக் கூரைக்கடியில். யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

மெஸ் அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு ரொட்டிக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செக்யூரிட்டி டீக்கடைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். ஆயாம்மா மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரன் மனைவிதான் முன்னால் வந்து, குடையை மடக்கி உதறி, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தவள். உட்கார்ந்தபிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு தொப்பி குனிந்தது.

“எங்கம்மா போகணும்?” என்றார் அதிகாரி.

“ஆஸ்பத்திரிக்கு.”

“எவ்வளவு குடுப்பே?”

“எதுக்குக் குடுக்கணும்? இவர் என் வீட்டுக்காரர்.”

அதிகாரி சிரித்தார். பின்னால் நின்ற ஆளும் சிரித்தான். “போன வாரம் ஒருத்தன் வண்டில மட்டும் மூணு பொண்டாட்டி. எல்லாரும் இதேதாம்மா சொல்றீங்க. யாருதான் இதச் சொல்லிக் குடுக்கறாங்களோ.”

“சத்தியமா என் வீட்டுக்காரர்தாங்க.”

“சரி. வீட்டுக்காரர்னா வீட்டுலயே ஏறியிருக்கலாமே. எதுக்கு ரவுண்டானாவச் சுத்தி நடந்து வந்து இங்க ஏறுற?”

அவளிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னால் பின்னால் வந்துகொண்டிருக்கும் ஆயாம்மாவும், ரொட்டிக்கடையில் நிற்பவளும், டீக்கடையில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரும் மாட்டுவார்கள். வண்டியும் மொத்தமாகப் போகும்.

“சும்மா காத்தாட நடந்தேன்” என்றாள்.

“இந்த மழைல?”

லிஃப்ட்காரன் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “சார், நிஜமாவே என் சம்சாரம் சார். ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிலதான் வேலை. நேரமாச்சு சார்.”

அடையாள அட்டையைக் கேட்டார்கள். அவன் அட்டையில் புதுக் குடியிருப்பின் விலாசம். அவள் அட்டையில் பழைய ஆற்றங்கரை விலாசம், அதுவும் அப்பா பேரோடு. மாற்றிக்கொடுக்கச் சொல்லி எழுதிப்போட்டு எவ்வளவு காலமாகிறது. இருந்த வீட்டை ஒரே காலையில் இடிக்கத் தெரிந்தவர்களுக்கு அட்டையில் ஒரு வரியை மாற்றக் கை வரவில்லை. “பேரு வேற, ஊரு வேற, வீட்டுக்காரராம்” என்று அதிகாரி சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் ஆயாம்மா காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். லிஃப்ட்காரன் மனைவி அவரைப் பார்த்து, போங்க என்று கண்ணால் காட்டினாள். ஆயாம்மா கொஞ்சநேரம் நின்றார். பிறகு தன் பை அவள் தோளிலேயே இருக்க, வெறுங்கையோடு மழையில் நடந்து போனார்.

சாயங்காலம் மூன்று பேரும் லிஃப்ட்காரன் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே இடம் போதாது என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் போய் வாசலில் நின்றேன். மெஸ் அக்கா ஒரு பாத்திரத்தில் சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தாள். யாரும் தொடவில்லை.

“யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு டீக்கடைக்குள்ள ஒளிஞ்சேன்” என்றார் செக்யூரிட்டி. மீசையைத் தொடவேயில்லை அவர். “என் பொழப்பே வாசல்ல நிக்கறதுதான். அதையே ஒழுங்கா செய்யல.”

“நீங்க வந்திருந்தா மட்டும் என்னண்ணே ஆயிருக்கும்? நாலு பேரா நின்னிருப்போம்” என்றாள் லிஃப்ட்காரன் மனைவி.

“நான் நாளைக்கு அங்க போறேன், தம்பி” என்று ஆயாம்மா லிஃப்ட்காரனைப் பார்த்துச் சொன்னார். “நாங்கதான் வெளியாளுங்க, இந்தப் பொண்ணு உன் பொண்டாட்டிதான்னு நான் சொல்றேன். எதுக்கு நடந்துச்சுன்னும் சொல்லிடறேன். எனக்காகத்தானே நடந்துச்சு.”

“ஆயாம்மா, அதச் சொன்னீங்கன்னா இவ பொண்டாட்டிங்கறது நிரூபணமாகும். கூடவே மூணு பேர ஏத்தினேங்கறதும் நிரூபணமாகும். வண்டிய ஏலத்துல விட்டுடுவாங்க. பேசாம இருங்க.”

“அப்ப உண்மையச் சொன்னாலும் தப்பு, பொய் சொன்னாலும் தப்பா?” என்றாள் மெஸ் அக்கா. “நாம என்ன தம்பி கள்ளச்சாராயமா கடத்தினோம்? வேலைக்குத்தானே போறோம். அவங்க கக்கூஸக் கழுவத்தானே போறோம். போறதுக்கு வண்டி விட மாட்டான், நாமளா போனாலும் புடிப்பான். பறந்தா வரச் சொல்றான்?”

“கத்தாதக்கா” என்றான் லிஃப்ட்காரன். “நாளைக்கு எப்படிப் போறதுன்னு யோசிப்போம்.”

யோசித்து என்ன? மெயின் ரோடுவரை நடந்து, கை காட்டி, நின்ற எதிலாவது ஏறினார்கள். ஒருநாள் பால் வண்டி, ஒருநாள் எவனோ ஒருவனின் பைக்கில் மூன்றாவது ஆளாக. லிஃப்ட்காரன் தாமதமாகப் போன நாளில் ஆபரேஷனுக்குப் போகவேண்டிய ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் வாசலில் காத்துக் கிடந்ததாம். ஆஸ்பத்திரிக்கு ஆள் வைக்கும் காண்ட்ராக்டர் அவனையும் அவளையும் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவை தாமதமானால் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். ஆக, வண்டி வந்தால்தான் வேலை. இரண்டு பேர் சம்பளமும், மகள் படிப்பும் அந்தத் துருப்பிடித்த வண்டிமேல்தான் உட்கார்ந்திருந்தன.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் இருவரும் சம்பளத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்துக்குப் பின்னால் பெரிய திடல். பிடிபட்ட வண்டிகள் சேற்றில் டயர் புதைந்து நின்றன. சிலவற்றின்மேல் கொடி படர்ந்திருந்தது. எல்லாம் எங்களைப் போன்ற இடங்களிலிருந்து வந்த வண்டிகள். ஒரு நல்ல வண்டியைக்கூட அங்கே பார்க்கவில்லை என்று லிஃப்ட்காரன் பிற்பாடு சொன்னான்.

உள்ளே அதே அதிகாரி. தொப்பி இல்லாமல் பார்க்க சாதுவாகத்தான் இருந்தாராம். மேசையோரம் ஒரு பியூன் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“பெரிய விஷயமே இல்லப்பா” என்றார் அதிகாரி. “இந்தப் பேப்பர்ல இந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் பயணி, மரக்கடைகிட்ட ஏறினேன், கட்டணம் குடுத்தேன். அவ்வளவுதான். அபராதத்தக் கட்டிட்டு இன்னிக்கே வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம்.”

“நான் அவர் சம்சாரம் சார்” என்றாள் அவள்.

“இருக்கட்டும்மா. இல்லன்னு நான் சொல்லல. ஆனா அதுக்கு விசாரணை வைக்கணும், சாட்சி வேணும். அது எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் வண்டி வெளில மழைல நிக்கும். எங்களுக்கும் மாசத்துக்கு இத்தனை வண்டி புடிக்கணும்னு இருக்குல்ல.”

லிஃப்ட்காரன் குனிந்து அவள் காதோரம், “போட்டுடு. என்ன போச்சு?” என்றான்.

அங்கேதான் அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது. அதிகாரியை அவள் பார்க்கவேயில்லை. நாற்காலியோடு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“என்ன போச்சா? காசு குடுத்து உங்க வண்டில ஏறின பொம்பளைன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். கேக்கறீங்க பாருங்க, என்ன போச்சுன்னு.”

“மெதுவாப் பேசு. ஆபீஸ் இது.”

“ஆபீஸ்னா என்ன? சரி, எழுதுங்க சார். கட்டணம் குடுத்தேன்னு எழுதுங்க. என்ன கட்டணம்னு நான் சொல்றேன். இந்தாளு லிஃப்ட்ல நின்னு நின்னு கால் வீங்கி வந்தா வெந்நீர் வச்சு ஊத்தறேனே, அத எழுதுங்க. வண்டி வாங்கணும்னு என் தையல் மிஷின வித்தாரு. ஒரு வார்த்த என்னைக் கேக்கல, சாயங்காலம் வந்து பாக்கறேன், மிஷின் இருந்த எடத்துல ஒரு ஸ்டெப்னி டயர் இருக்கு. வாயத் தொறந்தேனா நான்? அத எழுதுங்க.”

“அத எதுக்கு இப்பப் பேசற?”

“எப்பப் பேசறது? வீட்ல பேசினா தூக்கம் வருதும்பீங்க. ஈரத்துண்ட மெத்தைமேல போடாதீங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், கேட்டீங்களா? சிகரெட்ட விட்டுட்டேன்னு பொண்ணு தலைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, மாடிப்படிக்குக் கீழ நின்னு குடிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? உங்க அக்கா வந்து மாசக்கணக்குல உக்காந்தப்ப யாரு ஆக்கிப் போட்டது, நீங்களா? இப்ப என்னைப் பாத்து பயணின்னு போட்டுடுங்கறீங்க. போடறேன். அப்புறம் இன்னிக்கு ராத்திரி பயணி சமைக்க மாட்டா. டீசல் புகை வாசனையோட வர்ற சட்டையப் பயணி துவைக்க மாட்டா.”

“பெட்ரோல் வண்டிடி அது” என்றான் அவன், வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்.

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பியூன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். “சார், குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. இது பயணி இல்ல சார். பொண்டாட்டிதான். காசு குடுத்து ஏறினவங்க யாரும் இவ்வளவு பேச மாட்டாங்க.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “அப்ப அன்னிக்கு எதுக்கும்மா இறங்கி நடந்தே?”

“இதே மாதிரிதான் சார்” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “சண்டை வந்துச்சு, இறங்கிட்டேன். கோவம் ஆறினதும் ஏறினேன்.”

“இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?”

“சண்டை போட்டேன்னு ரோட்ல சொல்ல முடியுமா சார்?”

அதிகாரி பேப்பரைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவள் எழுந்து, இதற்குமேல் இங்கே நிற்க முடியாது என்பதுபோல, வண்டியைப் பார்க்கத் திடலுக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருக்கிறாள். டிக்கிமேல் விழுந்திருந்த சருகையெல்லாம் பொறுக்கிப் போட்டிருக்கிறாள்.

உள்ளே அதிகாரி இன்னொரு பேப்பரை எடுத்தார்.

“உன் சம்சாரத்துக்கு சாமர்த்தியம் ஜாஸ்திப்பா. ஆனா நானும் சோறுதான் சாப்பிடறேன். பங்க்ல இறங்கறது, மரக்கடைல ஏறறது, எல்லாம் தெரியும். அன்னிக்கு ஒரு கெழவி வந்து வாயத் தொறந்து தொறந்து மூடினாளே, அவ யாரு? வேணாம், சொல்லாத. இதுல கையெழுத்துப் போடு. இனிமே குடும்பத்து ஆளுங்களத் தவிர வேற யாரையும் வண்டில ஏத்த மாட்டேன். மீறினா வண்டி திரும்பக் கெடைக்காது. சம்மதம்னா சாவி இந்தா.”

சாவியை மேசைமேல் வைத்தார். லிஃப்ட்காரன் கையெழுத்துப் போட்டான்.

அதைத் திரும்பி வரும் வழியில்தான் அவளிடம் சொன்னான். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்தபிறகு அவள் ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னக் கேக்காம எப்படிப் போட்டீங்க?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப? போடாதன்னு சொல்லியிருப்ப. அப்புறம்? உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். பொண்ண நிறுத்திட்டு எங்கயாவது பாத்திரம் தேய்க்க அனுப்பறதா?”

“அந்த மூணு பேரும் எப்படிப் போவாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஊருக்கே பஸ் விடறவனா? பஸ் விட வேண்டியவன் வீட்ல ஏசி போட்டுத் தூங்கறான். அவனுக்குத் தூக்கம் வருது. நான்தான் முழிச்சுக் கெடக்கேன். அவன் செய்யாததுக்கு நான் பதில் சொல்லணும், அவனுக்கு வராத வெக்கம் எனக்கு வரணும். ஏன், நான் என்ன பண்ணினேன்?”

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால் அவன்மேல் கோபம் வரவேண்டிய நியாயமே இல்லை. அவனை அந்த மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர்கள்மேல்தான் வரவேண்டும். ஆனால் அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? பக்கத்தில் இருப்பது புருஷன்தான்.

“ஆயாம்மா அன்னிக்கு ஓடலங்க” என்றாள் அவள். “வண்டிகிட்ட வந்து நின்னாங்க. போகச் சொன்னது நான்.”

“தெரியும்.”

“அவங்ககிட்ட யாரு சொல்றது, வராதீங்கன்னு?”

சட்டையை மாட்டிக்கொண்டு அவனே போனான். மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மெஸ் அக்கா மட்டும், “வண்டி வந்ததே பெருசு, தம்பி. எங்களப் பத்தி யோசிக்காத” என்றாளாம். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் என்னிடம் சொன்னான்.

மறுநாள் விடிவதற்கு முன் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மெயின் ரோடு திருப்பத்தில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ஆயாம்மா தலையில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தார். காரின் வெளிச்சம் பட்டதும் மூன்று பேரும் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவனுக்குச் சங்கடம் வரக்கூடாதாம்.

“நிறுத்துங்க” என்றாள் அவள்.

“நிறுத்தக் கூடாதுன்னுதானே எழுதி வாங்கியிருக்கான்.”

“அவங்கள ஏத்த வேணாம். என்னை இறக்கி விடுங்க.”

“பைத்தியமா உனக்கு? லேட்டானா வேலை போயிடும்.”

“அவங்க எப்படிப் போறாங்களோ அப்படிப் போறேன். ஆயாம்மாவுக்கும் அதே ஆஸ்பத்திரிதான், அதே காண்ட்ராக்டர்தான். பின்னாடி மூணு சீட்டக் காலியா வச்சுக்கிட்டு அந்தம்மாவ மழைல தாண்டிப் போக என்னால ஆகாது. நீங்க போங்க. உங்களச் சொல்லல. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் போடல.”

இறங்கிக் கதவைச் சாத்தினாள். அவன் கொஞ்சநேரம் வண்டியை நிறுத்திவைத்திருந்தான். பிறகு லிஃப்ட் வாசலில் காத்துக் கிடக்கும் ஸ்ட்ரெச்சரை நினைத்துக்கொண்டானாம். கிளம்பிவிட்டான்.

பழைய பங்க்கில் நிற்கவேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை. ரவுண்டானாவில் அதே அதிகாரி. உள்ளே குனிந்து பார்த்தார். ஓட்டுகிறவன் ஒருவன், காலி சீட்டுகள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. “சம்சாரம் வரலையா? மறுபடியும் சண்டையா?” என்று சிநேகமாகக் கேட்டு, போ என்று கை காட்டினார்.

மரக்கடைச் சுவரோரம் வந்ததும் அவன் வண்டியை நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரும் நடந்து வரப்போவதில்லை என்று தெரிந்தும், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு ஒரு காய்கறி லாரி வந்தது. மூட்டைகளை அதன் கூண்டுக்கு மேலே அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த மூட்டைகளுக்கு மேலே நான்கு பேர். அதிகாரி அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது சரக்கு வண்டி. ஆள் ஏற்றுகிற வண்டியைப் பிடிப்பதுதான் அவர் வேலை.

செக்யூரிட்டி ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்திருந்தார். மெஸ் அக்கா குப்புறப் படுத்திருந்தாள். ஆயாம்மாவை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அவன் மனைவி நனைந்த மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். லாரி காரைத் தாண்டும்போது திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே இருந்த நான்கு பேரும் சாய்ந்தார்கள்.

அவன் ஹார்ன் அடித்தான். ஜன்னலை இறக்கி ஏதோ கத்தினான். அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. ஒரு கையில் ஆயாம்மாவையும் இன்னொரு கையில் கயிற்றையும் பிடித்திருந்தாள், இரண்டையும் விட முடியாது.